மறு: விறைப்புக் குறைவா, எழுச்சிக் குறைபாடா? (துண்டறிக்கை வியாழனன்று அச்சுக்கு)

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

எல்லா மடல்களையும் படித்துவிட்டேன். மேலூர் மருத்துவ முகாமுக்கான தாள் வியாழன் காலை அச்சகத்தில் இருந்தாக வேண்டும், அதனால் இன்றே எழுதுகிறேன். கிரீன் டீ, வயதாக ஆக ரத்தக்குழாய்க்கு நேர்வது, ஆண்குறி விறைப்பு மூன்றையும் ஒரே தாளில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்குறி போதிய அளவு விறைக்காத நிலைக்கு அதில் எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்பதுதான் நம் கேள்வி.

> "ஆண்மைக்குறைவு" ஊரறிந்த சொல். புதுச்சொல் எதற்கு?

ஊரறிந்ததுதான் ஐயா, எனக்குச் சிக்கலே அதுதான். பஸ் ஸ்டாண்டு சுவரிலும் லாட்ஜ் வாசலிலும் எழுதி எழுதி அது வசவாகிவிட்டது. போன வாரம் முதல் படியை மேலூரில் ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவரிடம் கொடுத்தேன். அறுபது வயதிருக்கும், சுகருக்கு மாத்திரை போடுகிறவர். ஆண்மைக்குறைவு என்ற தலைப்பைப் பார்த்ததும் தாளை நாலாக மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். "இது வேற ஆளுகளுக்குப்பா" என்று எழுந்து போய்விட்டார். கிளாஸில் பாதி டீ அப்படியே இருந்தது.

அவருக்காகத்தான் அந்தத் தாளே. ஆண்குறிக்குப் போகும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மி.மீ., இதயத் தமனிக்கு 3 முதல் 4 மி.மீ. இரண்டிலும் கொழுப்பு படியும்போது சின்னக் குழாய்தான் முதலில் திணறும். அதனால் விறைப்பு குறைவது, இதயக் கோளாறு வெளியே தெரிவதற்கு 2 முதல் 5 ஆண்டு முன்பே வரும் எச்சரிக்கையாக இருக்கலாம். டாக்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு மனிதர் கூசாமல் சொல்லக்கூடிய சொல் நமக்கு வேண்டும்.

> ஆண்மை = ஆள் + மை. "மெலி மேவின் னணவும்" என்பது நன்னூல். உடலுறுப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பேராசிரியர் ஐயாவின் இந்த மடலை இருமுறை படித்தேன். அடுத்து மெல்லெழுத்து வந்தால் ள், ண் ஆகும் என்கிறது நூற்பா; கேள் + மை கேண்மை ஆவதுபோல ஆள் + மை ஆண்மை. தாளாண்மை, மேலாண்மை எல்லாம் அந்த உறவுதான். 148ஆம் குறளில் பிறன்மனை நோக்காததையே வள்ளுவர் பேராண்மை என்கிறார். அப்படியானால் ஒரு ரத்தக்குழாய் சுருங்கியதற்காக ஒருவருடைய ஆண்மை குறைந்தது என்று நாம் அச்சிடலாமா? ஐயாவின் இலக்கணம் என் பக்கம்தான் நிற்கிறது. வேளாண்மையிலிருந்து வேளிர்வரை போனவர்கள் தனி மடல் இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

> எழுச்சிக் குறைபாடு நாகரிகமாக இருக்கும்.

நாகரிகம் சரி. ஆனால் மதுரையில் எழுச்சி என்றால் சுவரொட்டியும் கூட்டமும்தான் நினைவுக்கு வரும். "விறைப்பு" குளிரில் மரத்துப்போவதையும் குறிக்கும் என்று ஒருவர் சொன்னார், "கை விறைச்சுப்போச்சு" என்கிறோமே என்று. உண்மைதான், ஆனால் டாக்டர் அறையில் யாரும் அப்படிப் புரிந்துகொள்ள மாட்டார்கள். "செயலிழப்பு" வேண்டாம், சிறுநீரகச் செயலிழப்பு மாதிரி இனி மீளாது என்று பயமுறுத்தும். "தளர்ச்சி"யும் வேண்டாம், நரம்புத் தளர்ச்சி என்று அதே லாட்ஜ் வாசலில் எழுதியிருக்கிறது.

கிரீன் டீக்குப் "பசுந்தேயிலை" கேட்ட நண்பருக்கு: நீலகிரி விவசாயிகள் பறித்து விற்கும் பச்சை இலைக்குத்தான் செய்தித்தாள்கள் அந்தப் பெயரை எழுதுகின்றன. கிரீன் டீ அப்படியல்ல, பறித்த இலையைச் சூடுகாட்டிக் கறுக்கவிடாமல் உலர்த்தியது. இரண்டுக்கும் ஒரே பெயர் கூடாது. கிரீன் டீ என்றே போடுகிறேன்.

ரத்தக்குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் எண்டோதீலியத்துக்கு யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன "அகவணி" எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1865இல் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூற்றியலார் எண்டோதீலியம் என்ற சொல்லை ஆக்கியபோது கிரேக்க மூலத்தில் இருந்தது முலைக்காம்பு என்ற பொருள், அதை மொழிபெயர்த்தால் எங்கும் போய்ச் சேர மாட்டோம். ஆனாலும் மேலூரில் "குழாயின் உள்பூச்சு" என்றால்தான் கொத்தனாருக்கும் புரியும். ஒரே ஒரு செல் கனமுள்ள பூச்சு. அது வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுதான் குழாயை விரியச் செய்து ரத்தத்தை உள்ளே விடுகிறது. நைட்ரிக் ஆக்சைடின் இந்த வேலையைக் கண்டதற்காகத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு. கிரீன் டீயில் உள்ள கேட்டச்சின்கள் என்ற இயற்கைப் பொருள்கள் இந்தப் பூச்சுக்குத் துணைசெய்யலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கிரீன் டீ குடித்தால் விறைப்புக் குறைவு தீரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இந்த வரியைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். சுகரையும் பிரஷரையும் பார்க்காமல் கிரீன் டீயை மட்டும் நம்பி யாரும் இருந்துவிடக் கூடாது.

இதுவரை ஒன்பது பேர் "விறைப்புக் குறைவு", நான்கு பேர் "எழுச்சிக் குறைபாடு". பேராசிரியர் ஐயா இரண்டையும் ஏற்கவில்லை, அவருடைய மறுப்பு குழுவின் பதிவில் இருக்கட்டும். நேற்று மாற்றிய படியோடு அதே கடைக்குப் போனேன். பெரியவர் வரவில்லை. டீ மாஸ்டர் கை துடைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் படித்துவிட்டு, "இது சுகர்காரங்களுக்குச் சீக்கிரமே வருமாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார். வரலாம் என்றேன்.

இன்னும் ஒன்று பாக்கி. "விறைப்புக்குறைவு" என்று சேர்த்தா, இடம் விட்டா? புதன் இரவு பத்து மணிக்குள் சொல்லுங்கள்.