மறுமொழி: ‘ஸ்லிப்ஜாயிண்ட்’ கத்திக்குத் தமிழ்ச்சொல் – ‘வில்மடக்கு’ என் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

பூட்டில்லாமல் வில்லின் அழுத்தத்தால் மட்டும் அலகு நிற்கும் மடக்குக்கத்தியான ‘ஸ்லிப்ஜாயிண்ட்’டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். கையால் செய்த மடக்குக்கத்திகளைப் பல வருடங்களாகச் சேகரித்து வருகிறேன். இந்தச் சொல் சரியாக அமைய வேண்டும் என்ற ஆசையில் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

> ‘நழுவு மூட்டு’ என்றால் மூலச்சொல்லுக்கு நெருக்கமாக இருக்குமே?

நெருக்கம்தான் ஐயா. ஆனால் அந்தக் கத்தியைக் கையில் எடுத்துப் பார்க்காதவர் இதைக் கேட்டால், மூட்டு ஆட்டம் கண்ட கத்தி என்றுதான் நினைப்பார். நல்ல ஸ்லிப்ஜாயிண்ட்டில் மூட்டு இம்மியும் ஆடாது. பிடியின் முதுகோரம் ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. பின்முனையிலும் நடுவிலும் அதை ஆணி பிடித்திருக்கும். முன்முனை மட்டும் எழும்பித் தாழும். அலகின் அடிப்பகுதியைச் சதுரமாக அராவியிருப்பார்கள். அலகை விரிக்கும்போது அந்தச் சதுரத்தின் மூலை பட்டையைத் தூக்கும். விரிந்து முடிந்ததும் பட்டை ‘டக்’கென்று தட்டையான பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். பூட்டு என்று எதுவும் கிடையாது. அலகை நிறுத்துவது வில்லாக வேலை செய்யும் அந்தப் பட்டையின் அழுத்தம் ஒன்றுதான். அதனால் பெயரும் வில்லிலிருந்து வரட்டும் என்கிறேன்.

> வில் என்றால் சுருளாக இருக்க வேண்டாமா? ‘விசைக்கத்தி’ எனலாமே.

பாடநூலில் ‘சுருள்வில்’ என்று படித்த பழக்கம் அது. சுருண்டிருப்பதால்தான் அங்கே ‘சுருள்’ என்று அடைமொழி தேவைப்பட்டது. வளைந்து, விட்டதும் நிமிர்கிற பட்டைக்கு வெறும் ‘வில்’லே பொருந்தும். விசை என்று சொன்னாலோ விசைத்தறி, விசைப்படகு வரிசையில் போய்ச் சேர்ந்துவிடும். பொத்தானை அழுத்தியதும் தானே பாயும் கத்தி என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்கு மக்கள் வாயில் ஏற்கெனவே ‘பட்டன் கத்தி’ இருக்கிறது.

ஆக, அந்தப் பட்டைக்கு ‘முதுகுவில்’, கத்திக்கு ‘வில்மடக்கு’. இதோடு பூட்டு உள்ளதைப் ‘பூட்டுமடக்கு’ என்றும், வில்லும் பூட்டும் இல்லாமல் மூட்டின் இறுக்கத்தால் மட்டும் நிற்பதை ‘இறுக்குமடக்கு’ என்றும் வைத்தால் ஒரே குடும்பமாக அமைகிறது. ஜப்பானில் மிக்கி நகரத்தில் செய்யும் ‘ஹிகோனோகாமி’ என்ற கத்தி இறுக்குமடக்கு. அலகின் வாலாக வெளியே நீளும் சிறு நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும். பிரான்சின் ஓபினெல் கத்தி 1890-இல் இறுக்குமடக்காகத்தான் பிறந்தது. 1955-இல் கழுத்தில் ஒரு சுழல்வளையம் சேர்ந்ததும் பூட்டுமடக்காகிவிட்டது. ஒரே கத்தியின் வரலாற்றை இரண்டு சொல்லில் சொல்ல முடிகிறதா இல்லையா?

‘பேனாக்கத்தி’யே போதும் என்று எழுதியிருந்த சகோதரிக்கு: எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அது இறகுப்பேனா சீவிய காலத்துப் பெயர், கத்தியின் அளவையும் பயனையும் சொல்கிறது. இயங்கும் முறையைச் சொல்லவில்லை. அந்த வேறுபாடு சேகரிப்பவரின் ஆசைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் 1988-ஆம் ஆண்டுச் சட்டம், வெட்டுவாய் 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்தியைப் பொது இடத்தில் கொண்டுசெல்ல விலக்கு அளிக்கிறது. பூட்டு உள்ள கத்தி அந்த விலக்கில் அடங்காது என்று 1993-இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்தச் செய்தியைத் தமிழில் எழுதப் போனால் ‘மடக்குக்கத்தி’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திணற வேண்டியிருக்கும்.

பிரான்சின் லாகியோல் கத்தி எந்தப் பிரிவு என்று கேட்டிருந்தீர்கள். அதன் வில்லில் ஒரு சிறு புடைப்பு இருக்கும்; அது அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் போய் அமரும். மடக்கக் கொஞ்சம் பலம் வேண்டும், ஆனாலும் பூட்டு இல்லை. வில்மடக்குத்தான்.

இலக்கணம் பார்த்தால் ‘வின்மடக்கு’ என்று வரவேண்டும் என ஒருவர் சுட்டியிருந்தார். விதி சரிதான், கல்+மலை கன்மலை ஆகிறது. ஆனால் பல்மருத்துவரைப் பன்மருத்துவர் என்று நாம் எழுதுவதில்லை. புதுச்சொல்லில் ‘வில்’ கண்ணுக்குத் தெரிவது முக்கியம். அதை மறைக்க வேண்டாம்.

அப்புறம், ‘லிட்டில் மெஸ்டர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல். இங்கிலாந்தின் கத்தித் தொழில் நகரமான ஷெஃபீல்டில் சிறு பட்டறை வாடகைக்கு எடுத்துத் தனியாகவோ ஓரிரு ஆட்களோடோ கத்தி செய்தவர்களுக்கு அந்த ஊர் வைத்த பெயர். 2021-இல் மறைந்த ஸ்டான் ஷா அந்த மரபில் வந்தவர். 14 வயதில் தொழில் கற்கச் சேர்ந்து, முதுமை வரை மடக்குக்கத்தியைக் கையாலேயே செய்தார். மெஸ்டர் என்பது ‘மாஸ்டர்’ என்பதன் வட்டாரத் திரிபு. நம் மேஸ்திரி போர்ச்சுகீசிய ‘மெஸ்த்ரெ’யிலிருந்து வந்தது. இரண்டுக்கும் வேர் ஒரே லத்தீன் சொல். எனவே ‘சிறுமேஸ்திரி’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ‘சிறுதொழில் வினைஞர்’ என்று மாற்றினால் அந்த உறவு அறுந்துபோகும்.

பிடியின் முனையில் வரும் உலோகக் கவசத்துக்குப் புதுச்சொல்லே வேண்டாம். உலக்கைக்குப் போடுகிறோமே, அதே ‘பூண்’.

கடைசியாக ஒன்று. இந்தக் கத்திகளை ஆங்கிலத்தில் மதிப்பிடும்போது ‘வாக் அண்ட் டாக்’ என்பார்கள். அலகு தடங்கலில்லாமல் நகர்வது நடை, வில் உட்காரும் சத்தம் பேச்சு. ‘ஓட்டமும் சொடுக்கும்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். சொடுக்கு கணினிக்குப் போய்விட்டது என்பீர்கள். விரலில் சொடுக்குவதிலிருந்துதானே அங்கேயே போனது? என்னிடம் உள்ள ஷெஃபீல்டு கத்தியைத் திறந்தால் அச்சாக அந்தச் சத்தம்தான். விரித்தாலும் மடக்கினாலும் வில்லின் முதுகு பிடியோடு ஒரே மட்டத்தில் நிற்கும். விரலால் தடவினால் மேடு தட்டாது. அரத்தால் கொஞ்சம் அராவுவது, பொருத்திப் பார்ப்பது, கழற்றி மறுபடி அராவுவது என்று பொறுமையாகக் கொண்டுவந்த மட்டம் அது.

மறுப்பு இல்லையென்றால் வில்மடக்கு, பூட்டுமடக்கு, இறுக்குமடக்கு, முதுகுவில் நான்கையும் ஞாயிற்றுக்கிழமை விக்சனரி இணைய அகராதியில் சேர்த்துவிடுகிறேன். அலகைத் திறக்க நகம் நுழைக்கும் கீறலுக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. ‘நகவெட்டு’ என்றால் நகவெட்டியோடு குழம்பும். ‘நகக்குழி’ எப்படி இருக்கிறது?

அன்புடன்