ப்ரொவிஷனலில் இல்லாத பாகத்தைக் கண்காட்சியில் வைத்தாயிற்று. ஐரோப்பாவில் பேட்டன்ட் கிடைக்குமா?

பாசனக்காரன் (ஜனவரி 5, 2026)

வணக்கம். சொட்டுநீர்ப் பாசனத்துக்கான திரை வடிகட்டி. கரண்ட் இல்லாமல் தானே கழுவிக்கொள்ளும். 2025 மார்ச் 10 அன்று இந்தியாவில் ப்ரொவிஷனல் (தற்காலிக பேட்டன்ட் விண்ணப்பம்) போட்டிருக்கிறோம். அதில் எழுதியிருப்பது: உருளை உறை, உள்ளே 130 மைக்ரான் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) திரை, அழுக்கு சேர்ந்து அழுத்த வேறுபாடு 0.5 பார் ஆனதும் திறக்கும் கழிவு வால்வு.

அதற்கப்புறம் திரையின் உட்பக்கத்தை உரசியபடி சுழலும் நைலான் பிரஷ் ஒன்றைச் சேர்த்தோம். வால்வு திறந்ததும் வெளியேறும் தண்ணீரே பிரஷைச் சுற்றும். இது ப்ரொவிஷனலில் கிடையாது. நவம்பரில் கோவையில் ஒரு வேளாண் கண்காட்சியில் பிரஷ் உள்ள மாடலைத்தான் வைத்திருந்தோம்.

விற்க நினைப்பது ஸ்பெயின், இத்தாலி, துருக்கி. கோவையில் காட்டியதை ஐரோப்பாவில் யார் பார்த்தார்கள், அது அங்கே கணக்கில் வருமா? ஒரே பேட்டன்ட் ஐரோப்பா முழுக்கச் செல்லும் என்கிறார்களே, அதில் ஸ்பெயின் சேருமா? பிசிடி (பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே சர்வதேச விண்ணப்பம்) வழியாகப் போவதா, நேரடியாகப் போவதா?

கிண்டி ஏஜென்ட்

முதல் கேள்விக்குப் பதில்: வரும். ஐரோப்பிய பேட்டன்ட் உடன்படிக்கையின் 54ஆம் பிரிவில் ஊர், நாடு, மொழி எந்த எல்லையும் இல்லை. தாக்கல் தேதிக்கு முன் உலகத்தில் எங்கே, எப்படிப் பொதுமக்களுக்குக் கிடைத்திருந்தாலும் அது முன்கலை, அதாவது புதுமையைக் கெடுக்கும். வேப்பெண்ணெய்ப் பூஞ்சைக்கொல்லி வழக்கு நினைவிருக்கும். 1994இல் அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் கொடுத்த ஐரோப்பிய பேட்டன்ட்டை 2000இல் ரத்து செய்தார்கள், 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடி ஆயிற்று. இந்தியாவில் ஏற்கனவே நடந்த பயன்பாட்டைப் பற்றிய சாட்சியத்தை ஐரோப்பியப் பேட்டன்ட் அலுவலகம் இருக்கும் மியூனிக்கில் வைத்துத்தான் கேட்டார்கள். அன்று நமக்குக் கைகொடுத்த அதே விதி இன்று உங்கள் கண்காட்சிக்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் இருப்பதுபோல் கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டால் ஒரு வருடம் சலுகை என்பது அங்கே இல்லை. 55ஆம் பிரிவில் ஆறு மாத விலக்கு இருக்கிறது. ஆனால் அது யாராவது ஏமாற்றி வெளியிட்டிருந்தாலோ, 1928ஆம் ஆண்டின் சர்வதேசக் கண்காட்சி உடன்படிக்கைக்குள் வரும் உலகக் கண்காட்சியில் காட்டியிருந்தாலோதான். வணிகக் கண்காட்சிக்கு அந்தக் கதவு திறக்காது.

இப்போது உங்கள் விஷயத்தில் கத்தி எங்கே விழுகிறது என்று பாருங்கள். உறை + திரை + வால்வு என்ற அகலமான க்ளெய்ம் (எதற்குப் பாதுகாப்பு என்று சொல்லும் கோரிக்கை) ப்ரொவிஷனலில் இருக்கிறது. அதற்கு முன்னுரிமை தேதியாக மார்ச் 2025 கிடைக்கும், அதாவது அன்றே தாக்கல் செய்ததுபோல் எண்ணுவார்கள், நவம்பர் கண்காட்சி அதைத் தொடாது. அதன் கீழே "பிரஷ் உள்ள" என்று ஒரு குறுகிய க்ளெய்ம் போட்டால், பிரஷ் ப்ரொவிஷனலில் நேரடியாக, ஐயமில்லாமல் சொல்லப்படாததால் அதற்கு முன்னுரிமை தேதி கிடையாது. உங்கள் கண்காட்சி மாடலே அதற்கு முன்கலை ஆகிவிடும். அகலமான க்ளெய்ம் நிற்கும், அதன் மடியில் இருக்கும் குறுகிய க்ளெய்ம் சாகும். எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் நினைக்கிறார்கள். ஆபத்து என்னவென்றால், தேடலில் பழைய ஆவணம் ஒன்று வந்து அகலமான க்ளெய்மை அடித்துவிட்டால் பின்வாங்கி நிற்க பிரஷ் இருக்காது.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கண்காட்சியில் உறை மூடியிருந்ததா? துண்டறிக்கையில் குறுக்குவெட்டுப் படம் இருந்ததா?

பாசனக்காரன்

எஸ்எஸ் உறை, மூடியேதான் இருந்தது. ஓடவிட்டுக் காட்டவில்லை. துண்டறிக்கையில் வெளித்தோற்றப் போட்டோவும் "தானியங்கிச் சுத்திகரிப்பு" என்ற வரியும் மட்டும். சாம்பிள் யாருக்கும் கொடுக்கவில்லை.

கிண்டி ஏஜென்ட்

அப்படியானால் மூச்சு இருக்கிறது. முன்பயன்பாடு என்று எதிராளி வாதிட்டால் எப்போது, என்ன, எந்தச் சூழலில் என்ற மூன்றையும் அவர்தான் நிரூபிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத, திறந்து பார்க்க வாய்ப்பும் இல்லாத உள்பாகம் "பொதுவில் கிடைத்தது" ஆகாது. ஒரே ஒரு சாம்பிளை ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் விற்றிருந்தால் கதை வேறு: வாங்கியவர் திறந்து பார்த்தாரா என்று கேட்க மாட்டார்கள், திறந்து பார்த்திருக்க முடியுமா என்றுதான் கேட்பார்கள்.

ஸ்டாலில் நின்றவர்கள் வாயால் விளக்கினார்களா என்பதையும் விசாரியுங்கள். "உள்ளே ஒரு பிரஷ் இருக்கு சார், தண்ணியே சுத்தும்" என்று ஒருவரிடம் சொல்லியிருந்தாலும் அது வெளியீடுதான். யூடியூப் வீடியோ ஏதேனும் இருந்தால் ஏற்றிய தேதியைக் குறித்துவையுங்கள். இப்போது நீக்கினாலும் அன்று வெளியானது வெளியானதுதான்.

உடனே செய்ய வேண்டியது: பிரஷை விவரித்து இரண்டாவது இந்திய விண்ணப்பம் ஒன்றை இந்த வாரமே போடுங்கள். இந்தியப் பேட்டன்ட் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி இங்கே வசிப்பவர் வெளிநாட்டில் தாக்கல் செய்ய இந்தியாவில் போட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், இல்லையேல் படிவம் 25 கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். முதல் ப்ரொவிஷனலுக்கு அந்த ஆறு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த பிரஷுக்கு முடியவில்லை. ஜனவரி 20க்குள் போட்டால் மார்ச் 10க்கு முன் முடிந்துவிடும். பிறகு ஒரே பிசிடி விண்ணப்பத்தில் இரண்டுக்கும் முன்னுரிமை கோரலாம். 12 மாதம் முதல் தேதியிலிருந்துதான் எண்ணப்படும், ஆகவே கடைசி நாள் 2026 மார்ச் 10.

ரைன்கரை

கிண்டி ஏஜென்ட் தேதியைச் சொல்லிவிட்டார். எழுதுவதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்தியாவிலிருந்து வரும் விண்ணப்பங்கள் அடிபடுவது பெரும்பாலும் ஐரோப்பிய உடன்படிக்கையின் 123(2)ஆம் பிரிவில்தான். தாக்கல் நாளில் எழுதியதற்கு மேல் ஒரு சொல்லும் பிறகு சேர்க்க முடியாது. அமெரிக்கப் பழக்கத்தில் ஊறியவர்களுக்கு இதன் கடுமை புரிய நாளாகும்.

உங்கள் ப்ரொவிஷனலில் "130 மைக்ரான்" என்று மட்டும் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து ஆய்வாளர் 130 மைக்ரான் திரை உள்ள பழைய ஆவணத்தைக் காட்டும்போது "100 முதல் 120" என்று சுருக்க நினைப்பீர்கள். எழுதாததால் முடியாது. பிசிடியில் படிப்படியாக எழுதுங்கள்: 80 முதல் 200, நல்லது 100 முதல் 150, மேலும் நல்லது 120 முதல் 140, எடுத்துக்காட்டாக 130. பிரஷ் முடியின் விட்டம், சுருளின் இடைவெளி, திரையில் படும் அழுத்தம் எல்லாவற்றுக்கும் இதே அடுக்கு வேண்டும்.

அடுத்த குழி: பிரஷைத் திரையில் அழுத்த ஒரு ஸ்ப்ரிங்கும் வைத்திருப்பதாகக் கொள்வோம். விண்ணப்பத்தின் எடுத்துக்காட்டில் பிரஷும் ஸ்ப்ரிங்கும் 130 மைக்ரான் திரையும் சேர்ந்தே வருகின்றன. பிறகு ஸ்ப்ரிங்கை மட்டும் பிய்த்து க்ளெய்மில் போட்டால், "இது திரையோடு சேர்த்துத்தான் சொல்லப்பட்டது, தனியாக அல்ல" என்று தடுப்பார்கள். ஆகவே விளக்கத்திலேயே "இந்த ஸ்ப்ரிங் எந்த அளவுத் திரையோடும் பயன்படும்" என்று ஒரு வரி எழுதிவையுங்கள். ஒரு வரிதான், விலை மதிப்பில்லாதது.

கண்டுபிடிப்புத் தகுதியை அவர்கள் பிரச்சினை-தீர்வு முறையில் பார்ப்பார்கள். மிக நெருங்கிய பழைய ஆவணத்தை எடுத்து, உங்களுடையது எதில் வேறுபடுகிறது, அந்த வேறுபாட்டால் என்ன தொழில்நுட்ப விளைவு என்று கேட்பார்கள். அதிலிருந்து பிரச்சினையை அவர்களே வரையறுப்பார்கள்: "மோட்டார் இல்லாமல் திரையைக் கழுவுவது எப்படி?" துறை அறிந்தவர் இந்தத் தீர்வுக்கு வந்திருக்க முடியுமா என்பது போதாது, வந்திருப்பாரா என்பதுதான் சோதனை. அங்கே உங்களைக் காப்பாற்றுவது அளவீடு. பிரஷ் இல்லாமல் எத்தனை கழுவலுக்குப் பிறகு அழுத்த இழப்பு எவ்வளவு, பிரஷோடு எவ்வளவு என்று ஒரு அட்டவணை தாக்கலிலேயே இருக்கட்டும்.

க்ளெய்ம் 15க்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், 50ஐத் தாண்டினால் அது இன்னும் ஏறும். ஒரு வகைக்கு ஒரு சுயேச்சை க்ளெய்ம் (வேறு க்ளெய்மைச் சாராதது) என்பதே பொது விதி: கருவிக்கு ஒன்று, முறைக்கு ஒன்று.

மூன்றாம் படி

பணம், நாடு பற்றி யாரும் தொடவில்லை.

ஐரோப்பியப் பேட்டன்ட் அலுவலகம் ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைப்பு அல்ல. 1973இல் மியூனிக்கில் கையெழுத்தான தனி உடன்படிக்கை, இன்று 39 நாடுகள். துருக்கி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து எல்லாம் உண்டு. அதனால் உங்கள் மூன்று நாட்டுக்கும் ஒரே பரிசீலனை போதும். கிளை பிரிவது அனுமதி கிடைத்த பிறகுதான்.

நீங்கள் கேட்ட அந்த ஒரே பேட்டன்ட், யூனிட்டரி பேட்டன்ட், 2023 ஜூன் 1 முதல் இருக்கிறது, இப்போது 18 நாடுகள். இத்தாலி உள்ளே. ஸ்பெயின் வெளியே, அவர்கள் ஆரம்பத்திலிருந்தே மொழிப் பிரச்சினையில் சேரவில்லை. துருக்கி ஒன்றியத்திலேயே இல்லாததால் சேர முடியாது. ஆக ஸ்பெயினிலும் துருக்கியிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும், அந்தந்த மொழியில் முழு மொழிபெயர்ப்போடு. பொதுவாக மூன்று மாத அவகாசம். தவறினால் அந்த நாட்டில் உங்களுக்கு எதுவும் இல்லை.

இத்தாலி மட்டும் போதும் என்றால் யூனிட்டரி லாபமில்லை. அதன் ஆண்டுக் கட்டணம் அதிகம் பதியப்பட்ட நான்கு நாடுகளின் கூட்டுத்தொகையை ஒட்டி வைக்கப்பட்டது. போர்ச்சுகல், பிரான்ஸ், ஜெர்மனியும் வேண்டுமென்றால் கணக்கு மாறும். ஆங்கிலத்தில் நடந்த விண்ணப்பத்துக்கு யூனிட்டரி கேட்கும்போது வேறு ஏதேனும் ஓர் ஒன்றிய மொழியில் முழு மொழிபெயர்ப்பு ஒன்று கொடுக்க வேண்டும். அதை ஸ்பானிய மொழியில் கொடுங்கள். ஸ்பெயினுக்கு எப்படியும் செய்யப்போகிற மொழிபெயர்ப்புதானே, ஒரே செலவில் இரண்டு வேலை. கேட்க ஒரே ஒரு மாதம்தான், அனுமதி வெளியான நாளிலிருந்து.

யூனிட்டரியின் மறுபக்கம்: ஒருங்கிணைந்த பேட்டன்ட் நீதிமன்றத்தில் ஒரே வழக்கில் 18 நாட்டிலும் பேட்டன்ட் போய்விடலாம். தனித்தனியாகப் பதிந்ததை அந்த நீதிமன்றத்திலிருந்து விலக்கி வைக்க இடைக்காலத்தில் வழி உண்டு, யூனிட்டரிக்கு அது இல்லை. அனுமதிக்குப் பிறகு முதல் 9 மாதம் யார் வேண்டுமானாலும் அலுவலகத்திலேயே எதிர்ப்பும் கொடுக்கலாம். கண்காட்சி விவகாரம் கிளம்பினால் அங்கேதான் கிளம்பும்.

பிசிடியே சரி. ஐரோப்பாவில் நுழைய முதல் தேதியிலிருந்து 31 மாதம்: 2027 அக்டோபர் 10. ஞாயிறு என்பதால் திங்களுக்குத் தள்ளும், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். பழைய ஆவணங்களைத் தேடிப் பார்க்கும் அலுவலகமாக இந்தியாவையும் தேர்ந்தெடுக்கலாம், ஐரோப்பியப் பேட்டன்ட் அலுவலகத்தையும் தேர்ந்தெடுக்கலாம். இந்தியா செலவு குறைவு, ஆனால் ஐரோப்பாவில் நுழைந்ததும் துணைத் தேடல் என்று மறுபடி கட்டணம். ஐரோப்பாவையே எடுத்தால் உண்மையான எதிர்ப்பு என்ன என்று 2026லேயே தெரிந்துவிடும், துணைத் தேடலும் இல்லை. ஐரோப்பாதான் முக்கியம் என்றால் நான் இரண்டாவதையே எடுப்பேன்.

நுழைந்த பிறகு அங்கே பதிவுபெற்ற பிரதிநிதி கட்டாயம். தனிநபர், குறு நிறுவனம், பல்கலைக்கழகம் போன்றவர்களுக்கு முக்கியக் கட்டணங்களில் 30 சதவீதம் தள்ளுபடி 2024 ஏப்ரலிலிருந்து உண்டு. எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை, கடந்த ஐந்து ஆண்டில் ஐந்துக்கும் குறைவான விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். அலுவலகக் கடிதத்தின் தேதியோடு பத்து நாள் கூட்டிக்கொள்ளும் பழைய வழக்கம் 2023 நவம்பர் 1 முதல் இல்லை. பழைய வழிகாட்டிகளை வைத்துக் கெடு எண்ணாதீர்கள்.

பாசனக்காரன்

ஸ்டாலில் இருந்த இருவரிடமும் கேட்டேன். ஒருவர் மட்டும், விற்பனையாளர் ஒருவரிடம் "உள்ளே கழுவும் அமைப்பு இருக்கு" என்று சொன்னாராம். பிரஷ் என்ற சொல்லோ தண்ணீர் சுற்றுவதோ வரவில்லை.

கிண்டி ஏஜென்ட்

அது பிரஷை வெளியிட்டது ஆகாது. இருவரிடமும் அதைத் தேதியோடு எழுத்தில் வாங்கி, துண்டறிக்கையின் அசல் பிரதியோடு கோப்பில் வையுங்கள். மூன்று வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. இரண்டாவது விண்ணப்பத்தை எழுதும்போது ரைன்கரை சொன்ன அந்த ஸ்ப்ரிங் வரியை மறந்துவிடாதீர்கள்.