முதல் பேட் செங்கல் மாதிரி இருந்தது: துணி நாப்கின் அனுபவங்கள் (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைப்பெயர்)

ஊசிநூல்

நான் தைத்த முதல் துணி நாப்கினைத் தங்கை கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குற துணியா?" என்று கேட்டாள். கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. டர்க்கி டவலில் ஆறு அடுக்கு, மேலே மெத்தென்ற ஃபிளானல் துணி, அடியில் பியுஎல் என்ற தண்ணீர் விடாத துணி. கசிந்துவிடுமோ என்ற பயத்தில் அடுக்கிக்கொண்டே போயிருந்தேன். போட்டுக்கொண்டு நடந்தால் வாத்து நடை. துவைத்துப் போட்டால் இரண்டு நாளானாலும் நடுவில் ஈரம். காய்ந்துவிட்டது என்று நினைத்து அலமாரியில் வைத்து, அடுத்த மாதம் எடுத்தால் ஒரு புழுங்கிய வாடை.

இத்தனைக்கும் அது கசியவும் செய்தது! அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தூக்கிப் போடுவதற்கு முன்னால் கத்தரியை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். கீழ் அடுக்குகளில் கறையே அதிகமில்லை. ஆனால் நடுவில் நீளவாக்கில் நான் போட்டிருந்த இரண்டு தையல் வரி மட்டும் மேலிருந்து அடிவரை பழுப்பேறிக் கிடந்தது. அடுக்குகள் நகரக் கூடாது என்று அடியிலிருந்த பியுஎல்லையும் சேர்த்து அடித்திருந்தேன். பியுஎல் என்பது பாலியூரித்தேன் படலம் ஒட்டிய துணி, தண்ணீரை விடாது. அதில் ஊசி குத்திய துளை ஒவ்வொன்றும் ஒரு வாசல். போதாததற்குப் பருத்தி நூல் வேறு. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அது பாட்டுக்கு இழுத்து வெளியே விட்டிருக்கிறது.

இரண்டாவது பேடில் டவல் இரண்டே அடுக்கு. அதை மேல்துணியோடு மட்டும் சேர்த்துத் தைத்தேன். பியுஎல் ஓரத்தில் மட்டுமே சேரும். பளபளப்பான பக்கம் உள்ளே பார்த்திருக்க வேண்டும். நூல் பாலியெஸ்டர். குண்டூசிக்குப் பதில் துணி கிளிப். குண்டூசித் துளையும் துளைதான்.

ஒரு மாதவிடாயில் மொத்தமாகப் போகும் இரத்தம் பலருக்கு 30, 40 மில்லிதான் என்று தெரிந்துகொண்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. நான் தைத்த செங்கல் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடிக்கும். எவ்வளவு குடிக்கும் என்பதைவிட, விழுந்த இடத்திலேயே உடனே குடிக்கிறதா என்பதுதான் முக்கியம். புதுத் துணியில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், முத்து முத்தாக உருண்டு ஓரத்துக்கு ஓடும். மூன்று நான்கு முறை துவைத்த பிறகு ஊற்றினால் அப்படியே உள்ளே இறங்கும். வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிட்டால் சுருங்குவதும் அப்போதே சுருங்கித் தொலையும். நான் துவைக்காமல் வெட்டியதில் 25 செ.மீ. பேட் 23 ஆனது.

நைட் டியூட்டி

அக்கா, எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. நான் வாங்கினவள். முதலில் ஏமாந்தது அழகில். தொட்டால் வெல்வெட் மாதிரி இருந்தது, பூப்போட்டது. லேபிளில் மேல்துணி நூறு சதவீதம் பாலியெஸ்டர் என்று இருந்ததை அரிப்பு வந்த பிறகுதான் படித்தேன். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை, சிலர் அதுதான் காய்ந்த மாதிரி இருக்கிறது என்கிறார்கள். என் தோலுக்குப் பருத்திதான்.

இன்னொரு தவறு, நீளத்தை மட்டும் பார்த்தது. பேடின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கையை உள்ளாடைக்கு அடியில் மடித்துப் பட்டன் போட்ட பிறகு நடுவில் எத்தனை செ.மீ. அகலம் வருகிறது என்று பார்க்கவில்லை. என் உள்ளாடையின் அடிப்பகுதி அகலம் 6.5 செ.மீ. நான் வாங்கியது பட்டன் போட்டால் 8. நடக்க நடக்கச் சுழன்று பின்னால் போய்விடும். இப்போதெல்லாம் அளவு நாடா வைத்து உள்ளாடையை அளந்துவிட்டுத்தான் தேடுவேன். அதுவும் முதலில் ஒன்றே ஒன்று வாங்கி ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு. செட்டாக வாங்கி அழுத கதை போதும்.

ஒரு கூத்து சொல்கிறேன். வேலை நேரத்தில் மாற்றினதை உள்பக்கமாக மூன்றாக மடித்துப் பட்டன் போட்டால் சின்னப் பை மாதிரி ஆகிவிடும், அதை ஜிப் பையில் போட்டுக்கொள்வேன். ஒரு நாள் ஜிப் பையில் இருந்த புது பேட் ஒன்று நடைபாதையில் விழுந்துவிட்டது. கூட வேலை பார்க்கிறவர் ஓடிவந்து, "மேடம், உங்க பர்ஸ்!" என்று பவ்யமாக நீட்டினார். நானும் "ரொம்ப நன்றி சார், எல்லா சாவியும் அதுலதான் இருக்கு" என்று வாங்கிக்கொண்டேன்.

மழைக்காலம்

என்னுடையது துவைப்பில் வந்த வினை. கிருமி சாகட்டும் என்று மாற்றின கையோடு கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். கறை வெந்து துணியோடு ஒட்டிக்கொண்டது, இன்றுவரை போகவில்லை. இரத்தத்தில் இருப்பது புரதம். முட்டை வேகிற மாதிரிதான். முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசி ஊறப்போட்டு, சிவப்பு போன பிறகுதான் சோப்பு. துணி மிருதுவாக இருக்கட்டும் என்று ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊற்றியதும் நான்தான். அது இழை மேல் மெழுகு மாதிரி படிந்து பேட் உறிஞ்சுவதையே நிறுத்திவிட்டது. சாஃப்ட்னர் போடாமல் நாலைந்து முறை அலசின பிறகுதான் சரியானது.

மழை நாட்களுக்கு ஒட்டுமொத்தமாகத் தைத்த பேட் வேண்டாம் என்பது என் கட்சி. மேலே ஒரு உறை, உள்ளே விரித்தால் ஒற்றைத் துணியாகும் மடிப்பு. அதை விரித்துப் போட்டால் மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். வெயில் வந்தால் வெயிலில்தான், ஒளித்து வைத்து அல்ல.

பேர் வேண்டாம்

இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். துணிக்கு மாறின முதல் மாதமே எனக்கு எல்லாம் நனைந்துபோனது. பேட் சரியில்லை என்று இரண்டு மூன்று வகை மாற்றினேன். நைட் டியூட்டி சொன்ன மாதிரி அளவெல்லாம் பார்த்தேன். அப்படியும் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று, தொடர்ந்து நாலைந்து மணி நேரம். கடைசியில் ஊறவைக்கிற வாளியைப் பார்த்து அம்மாதான், "இது துணியோட தப்பு இல்லடி, டாக்டர்கிட்ட போ" என்றார். இரத்தசோகை. ஹீமோகுளோபின் 8 இருந்தது. எத்தனையோ வருடமாக இப்படித்தான் போயிருக்கும், கடையில் வாங்கிய பேடைச் சுருட்டித் தூக்கிப் போட்டதில் எனக்குத் தெரியவே இல்லை. சிகிச்சை எடுத்தேன், இப்போது பரவாயில்லை. துணியும் தொடர்கிறது.

மழைக்காலம்

நல்லவேளை போனீர்கள். அதனால்தான் நான் மேல்துணியை வெளிர் நிறத்தில் வைக்கிறேன். கறை தெரியும்தான், ஆனால் இரத்தத்தின் நிறம் மாறினாலும் தெரியும்.

புதுசு

ஊசிநூல் அக்கா, என்னிடம் மெஷின் இல்லை. கையால் தைத்தால் நிற்குமா? பியுஎல்லும் கிடைக்கவில்லை.

ஊசிநூல்

நிற்கும்மா. பின்தையல் போடு, அதாவது ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் குத்தி முன்னால் எடு, நெருக்கமாக. முன்னால் மட்டுமே ஓட்டிக்கொண்டு போகிற ஓடுதையல் போட்டால் இரண்டு துவைப்பில் இளகிவிடும். பியுஎல் இல்லாவிட்டால் பரவாயில்லை, அடியில் இன்னொரு அடுக்கு நெருக்கமான பருத்தி வைத்துவிட்டு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள். என்னிடம் பாதி அப்படித்தான், காற்றோட்டமும் கூட. பியுஎல் வைத்ததையும் ஆறு மணி நேரத்துக்கு மேல் நான் விடுவதில்லை.

இறக்கைக்குக் கையால் தைக்கிற பிரஸ் பட்டன் போதும். மலிவான இரும்புப் பட்டன் வாங்காதே, எனக்குத் துருப்பிடித்துத் துணியில் ஓட்டை போட்டது. ஒரு பக்கம் குமிழ் ஒன்று, மறுபக்கம் குழி இரண்டு, ஒரு செ.மீ. தள்ளித் தள்ளி வைத்தால் இறுக்கவும் தளர்த்தவும் வரும். மாதிரிக்கு உன்னிடம் இருக்கும் பேடையே காகிதத்தில் வைத்து வரைந்துகொள், சுற்றி 6 மி.மீ. தையலுக்கு விடு.

மேல்துணிக்குப் பழைய பனியன் துணி எடுத்தால் இழுத்துப் பிடித்துத் தைக்காதே. விட்டதும் சுருங்கிப் படகு மாதிரி வளைந்துவிடும். என்னிடம் அப்படி ஒரு படகு இருக்கிறது. ராத்திரியில் நகராமல் நிற்பது அது ஒன்றுதான்.