டயருக்குள் பாலன்சிங் மணிகள்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

செந்தூல்வாசி எழுதியது:

சக்கரத்தின் எடையைச் சமன் செய்ய, ரிம்மில் அடிக்கும் ஈயக் கட்டிக்குப் பதிலாக, 265/75 ஆர் 16 அளவுள்ள மண் டயருக்குள் சக்கரத்துக்கு 170 கிராம் பொடிக் கண்ணாடி மணி போட்டு ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. காராக் நெடுஞ்சாலையின் இறக்கங்களில்கூட ஸ்டியரிங் அசையாமல் நின்றதால், இனி ரிம்மில் ஈயக் கட்டியே வேண்டாம் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் ஐந்து வண்டிகளாகத் தஞ்சோங் மாலிம் பக்கம் சென்றோம். செம்பனைத் தோட்டச் சாலையில் இறங்குவதற்கு முன் வழக்கம்போல் 35 பிஎஸ்ஐயிலிருந்து 18க்குக் காற்றை இறக்கத் தொடங்கினேன். மூன்று சக்கரங்கள் தொல்லை தரவில்லை. நான்காவது சக்கரத்தின் வால்வை அழுத்தியதும் காற்றோடு மணிகளும் சீறி வந்து என் உள்ளங்கையில் கசகசாவைப் போல் ஒட்டிக்கொண்டன. விரலை எடுத்த பிறகும் சீறல் நிற்கவில்லை. ஏதோ ஒரு மணி வால்வின் வாயில் சிக்கி அதை மூடவிடாமல் செய்துவிட்டது. மற்ற நால்வரும் இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல், என் கையைக் குனிந்து பார்த்தார்கள். ஸ்பேர் டயரை மாற்றியதும், அந்தப் பயணத்தில் கடைசி வண்டியாகவே நான் ஓட்டிச் சென்றதும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த நால்வரின் மௌனம்தான் இன்னும் உறுத்துகிறது. பிழை மணியுடையதா, என்னுடையதா?

பாலத்துக்காரன் எழுதியது:

உங்களுக்குக் காற்று போனது, எனக்கு மானம் போனது. என் வண்டி ஜிம்னி. முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே விறைப்பான அச்சு இணைக்கிறது. ஸ்டியரிங் ஆடுகிறது என்று பட்டர்வொர்த்தில் ஒரு டயர் கடைக்குப் போனேன். மணி போட்டால் எல்லாம் தீரும் என்று கடைக்காரர் உறுதி சொன்னார். அன்று மாலையே மாமியாரை அழைத்துக்கொண்டு, பத்து காவானிலிருந்து பத்து மாவுங்குக்குப் பினாங்கு இரண்டாம் பாலத்தில் ஏறினேன். அந்தப் பாலம் 24 கிலோமீட்டர்; நடுவில் திரும்பவும் வழியில்லை. ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் உதறத் தொடங்கின; முன்பலகையில் இருந்த பிள்ளையார் கவிழ்ந்து மாமியாரின் மடியில் விழுந்தார். அவர் பிள்ளையாரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மாப்பிள்ளை, வண்டிக்குக் குளிர்காய்ச்சலா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். வேகத்தைக் குறைத்து, அவசரப் பாதையில் ஒதுங்கிய பிறகுதான் உதறல் நின்றது. பின்னர் வேறொரு பட்டறையில் பார்த்தபோது ஒரு ரிம் வளைந்திருந்தது, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனையும் தளர்ந்திருந்தது. என்னைக் கேட்டால் இந்த மணி வியாபாரமே கண்கட்டு வித்தை. தடையில்லாமல் உருளும் பொருள் எடை மிகுந்த பக்கத்துக்குத்தானே போகும்? எதிர்ப்பக்கம் போய் நில் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பூச்சோங் ஓட்டுநர் எழுதியது:

நான் நான்கு ஆண்டுகளாக மணிகளோடுதான் ஓடுகிறேன். மாதம் இருமுறை கோலாலம்பூரிலிருந்து வடக்கே போய் வருகிறேன். ஒரு முறைகூடத் தொல்லை இல்லை. பாலத்து நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது: வளைந்த ரிம்மையும் தளர்ந்த முனையையும் வைத்துக்கொண்டு மணியைக் குறை சொல்வது, கால் சுளுக்குக்குக் கண்ணாடி வாங்கிவிட்டுக் கண் மருத்துவரை ஏசுவதைப் போன்றது. மணி எடையை மட்டுமே சமன் செய்யும். வட்டமில்லாத சக்கரத்தை வட்டமாக்காது.

எதிர்ப்பக்கம் போகச் சொன்னது யார் என்ற கேள்விக்கு விடை உண்டு. சக்கரம் இறுக்கிப் பிடித்த தண்டில் சுழலவில்லை. ஸ்பிரிங்கின் மேல் மிதந்துகொண்டு சுழல்கிறது. அது துள்ளுகின்ற இயல்பான வேகத்தைச் சுழற்சி தாண்டிவிட்டால், சக்கரம் தன் வடிவ மையத்தைச் சுற்றாமல் எடை மையத்தைச் சுற்றவே முனைகிறது. அப்போது எடை குறைந்த பக்கம்தான் சுழலும் மையத்திலிருந்து தொலைவில் இருக்கும். தொலைவான இடத்தைத் தேடும் மணிகள் அங்கே போய்ச் சேருகின்றன. அந்த வேகத்துக்குக் கீழே நீங்கள் சொல்வதுதான் சரி, அவை கனமான பக்கத்துக்கே போகும். ஆகவே மெதுவாகப் போகும்போது மணியைச் சோதித்துப் பயனில்லை. பாலன்சிங் எந்திரத்திலும் இதே கதைதான். அங்கே தண்டு அசையாது என்பதால், ஒவ்வொரு முறை சுற்றும்போதும் வேறு எண் காட்டும். அதைக் கண்டு பயந்து யாரும் ஈயத்தையும் சேர்த்து அடிக்க வேண்டாம்.

செந்தூல் நண்பருக்கு: உங்கள் வால்வு அப்போது கீழே, தரைப் பக்கம் இருந்திருக்கும். வண்டி நின்றதும் மணிகள் எல்லாம் கீழே வந்து குவியும். அங்கே வால்வைத் திறந்தால் அவை வராமல் என்ன செய்யும்? வால்வு மேலே வரும்படி வண்டியை நகர்த்தி, சற்றுப் பொறுத்து, முதலில் ஒரு நொடி காற்றை உள்ளே அடித்து ஒட்டியிருக்கும் மணிகளை விலக்கி, அதன் பிறகே இறக்க வேண்டும். மணி வெளியே வராதபடி வடிகட்டி வைத்த வால்வு முள் தனியாகக் கிடைக்கிறது; மணி போடும் அன்றே அதையும் போட்டிருக்க வேண்டும். பஞ்சருக்கு ஊற்றும் பசைத் திரவத்தை மணியுள்ள டயரில் ஊற்றவே கூடாது. காற்றழுத்த சென்சார் உள்ளே இருக்கும் வண்டியானால், அதன் துளையில் மணி அடைக்காதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் இவற்றையெல்லாம் கேட்கவில்லை என்பது தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாலத்துக்காரன் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் அந்த இயல்பான வேகம் என் வண்டிக்கு எவ்வளவு என்று மணி விற்றவரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. ரிம்மையும் முனையையும் மாற்றி, ஈயக் கட்டியும் அடித்த பிறகு அதே பாலத்தில் அதே வேகத்தில் போனேன், பிள்ளையார் அசையவில்லை. எனக்கு அது போதும்.

பாலேக் பூலாவ் தோட்டத்தார் எழுதியது:

இங்கே யாரும் ஈரத்தைப் பற்றிப் பேசவில்லையே. என் டிரைட்டன் பிக்கப்பில் மணி முதல் மாதம் நன்றாக இருந்தது, பிறகு 70 கிலோமீட்டரிலேயே தடதடப்பு. டயரைக் கழற்றச் சொன்னேன். பட்டறை ஃபோர்மேன் உள்ளே கையை விட்டு எடுத்துக் காட்டினார்: மணிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, அவித்து ஆறிய ஜவ்வரிசிக் கட்டியைப் போல ஒரே இடத்தில் ஒட்டிக் கிடந்தன. கட்டி ஒட்டிய இடம்தான் கனமான இடம். சமன் செய்யப் போட்டதே சமனைக் கெடுத்துக்கொண்டிருந்தது. டயரை ஏற்றும்போது பூசிய சோப்பு நீர் காயவில்லை என்று முதலில் நினைத்தோம். அவர் டயருக்குக் காற்று அடிக்கும் கம்பிரசர்த் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தபோது துருப்பிடித்த தண்ணீர் ஒரு மக் அளவுக்குக் கொட்டியது. நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரத்துக்கு அந்தத் தொட்டியை நாள்தோறும் வடிக்க வேண்டும். அங்கே எப்போது வடித்தார்கள் என்று அவருக்கே நினைவில்லை.

உலு லங்காட் எழுதியது:

மணிக்கு ஆதரவாக ஒரு சொல். பாறைகளில் உரசி என் ரிம்மின் ஈயக் கட்டிகள் எத்தனை முறை காணாமல் போயின என்று கணக்கே இல்லை. அதனால்தான் மணிக்கு மாறினேன். ஒருநாள் ஆற்றைக் கடந்து வீடு திரும்பும்போது ரிம்மின் உட்புறம் சேறு அப்பியிருந்தது. செந்தூல் நண்பரின் டயர் அளவில், 16 அங்குல ரிம்மின் உட்சுற்றில் 100 கிராம் சேறு ஒட்டினால், 90 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 8 கிலோ எடையின் விசையோடு சக்கரத்தை இழுக்கும். ஈயக் கட்டியோடு வந்த நண்பர் ஓரமாக நிறுத்திச் சுரண்டிக்கொண்டிருந்தார். என் வண்டியும் முதலில் ஆடியது, வேகம் கூடியதும் அடங்கியது. அவரைக் கடந்து போனபோது ஹார்ன் அடித்தேன். அதைத்தான் அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

செந்தூல்வாசி எழுதியது:

அன்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வால்வு கீழேதான் இருக்கிறது. மற்ற மூன்றும் தற்செயலாக மேலே இருந்திருக்க வேண்டும். வடிகட்டி முள் போடவில்லை என்பதும் உண்மை. பிழை என்னுடையது என்று அந்த நால்வருக்கும் தகவல் அனுப்பிவிட்டேன். இப்போது மூன்று சக்கரங்களில் மணியும் ஒன்றில் ஈயமும் இருக்கின்றன. ஸ்டியரிங்கில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. டயர்களை இடம் மாற்றும் நாளில் குழம்பாமல் இருக்க, ஈயம் உள்ளதன் உட்புறம் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தேன். நேற்றைய மழையில் அதுவும் அழிந்துவிட்டது.