கேமராவ தொடவே மனசு வரல, நம்ம ஏரியாக்காரங்க யாராச்சும் சொல்லுங்க

தண்டையார்பேட்டை_50எம்எம்:
எல்லாருக்கும் வணக்கம். கம்பெனி வேலைக்கு நடுவுல ஆசைக்கு போட்டோ எடுக்கறவன் நான். செகண்ட் ஹேண்ட்ல வாங்குன கேனான் கிராப் பாடி (சென்சார் சின்னதா இருக்கற கேமரா), ஒரு 50எம்எம் 1.8 லென்ஸ், அவ்ளோதான் நம்ம சொத்து. முன்னல்லாம் ஞாயித்துக்கெழமன்னா விடியறதுக்குள்ள காசிமேட்டுல, மீன்புடி போட்டுங்க நிக்கற எடத்துல, நிப்பேன், இப்ப பேக்க பாத்தாலே சலிப்பா இருக்கு. அங்க மீன் வாங்க வர்றவங்கள விட கேமரா மாட்டிக்கினு வர்றவங்க ஜாஸ்தியா தெரியுது, வேளச்சேரி ஓஎம்ஆர்னு எங்கெங்கருந்தோ வர்றாங்க, எல்லாருக்கும் அதே போட்டு, அதே கருப்பு உருவம், பின்னாடி ஆரஞ்சு சூரியன். நான் எடுக்கறதும் அதேதான். இன்ஸ்டால லைக் வரலன்னு கூட வருத்தம் இல்ல (கொஞ்சம் இருக்கு), நாலு பேரு படத்தோட என் படத்த கலந்து வச்சா எது என்னுதுன்னு எனக்கே தெரியாது, அதான் கடுப்பு. வெளியூர் போய் எடுக்கலாம்னா லீவும் இல்ல காசும் இல்ல. லென்ஸ் மாத்துனா திரும்ப ஆர்வம் வருமா?

போட்டுக்காரன்:
ப்ரோ நான் காசிமேடுதான், வூட்ல போட்டு தொழில். நீ சொல்ற அந்த கருப்பு படம் ஏன் எல்லாருக்கும் ஒண்ணா வருது தெரியுமா, நமக்கு கடல் கெழக்கால கீது, காலைல சூரியன் போட்டுக்கு பின்னாடி ஏறுது, எவன் எடுத்தாலும் அப்டித்தான் வரும். சாயந்தரம் வந்து பாரு. வெயிலு ஊரு பக்கத்துலருந்து சாஞ்சி அடிக்கும், போட்டு பெயிண்ட்டு, அதுல எழுதியிருக்கற பேரு, ஆளுங்க மூஞ்சி எல்லாம் பளிச்சுனு தெரியும். அந்த நேரத்துல ஒரு கேமராக்காரனும் வர்றதில்ல.

இன்னொண்ணு, தடைக்காலத்துல வா. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்கு போவாது. மீன் வரத்து கம்மின்னு நெனச்சி உங்காளுங்க யாரும் எட்டிகூட பாக்க மாட்டாங்க, ஆனா வேலையே அப்பதான் நடக்கும். போட்ட கரையேத்தி அடில ஒட்டியிருக்கறத சொரண்டுவாங்க, பலக மாத்துவாங்க, பெயிண்ட் அடிப்பாங்க, இஞ்சின எறக்கி குந்தினு பிரிச்சி போடுவாங்க, வலைய விரிச்சி கிழிஞ்சத தைப்பாங்க. அவசரம் இல்லாததால நின்னு பேசவும் செய்வாங்க. வந்ததும் மூஞ்சிக்கு நேரா லென்ஸ நீட்டாத, "இன்னா சார், எந்த சேனலு"ன்னு கேப்பாங்க. டீ குடி, பேசு, அப்பால எடு. கப்பல் வர்ற பெரிய ஹார்பர் கேட்டுக்கு உள்ள மட்டும் கேமராவ வெளில எடுக்காத, பேஜாரு.

பழைய_ஸ்டுடியோ:
தம்பி, நான் வண்ணாரப்பேட்டைல ஸ்டுடியோ வச்சிருந்தவன். ஒண்ணு கேக்கறேன், எடுத்த படத்துல எத்தனைய அந்த ஆளுங்க கைல குடுத்திருக்க? மேக்ஸி சைஸ்ல பிரிண்ட் போட்டு குடுத்து பாரு, பெரிய செலவு ஒண்ணும் ஆகாது. எங்க கடைக்கு பாதி பேரு வந்ததே எதுக்குன்னா, வீட்ல பெரியவங்க தவறிட்டா மாலை போட ஒரு படம் இருக்காது, கல்யாண குரூப் போட்டோல மூணாவது வரிசைல நிக்கற மூஞ்ச வெட்டி பெருசு பண்ணித்தான்னு அழுதுக்கிட்டே நிப்பாங்க, அதுல மூக்கும் இருக்காது கண்ணும் இருக்காது, நாங்க டச்சப் பண்ணி ஒப்பேத்துவோம். இன்னிக்கி எல்லார்கிட்டயும் போன் இருக்கு, ஆனா ஆயாவ ஒழுங்கா ஒக்கார வச்சி ஜன்னல் வெளிச்சத்துல ஒரு படம் எடுத்து வச்சிருக்கற வீடு எத்தனன்னு உன் தெருவுலயே கேளு. உன் 50எம்எம் அதுக்குன்னே செஞ்ச மாதிரி. ஒரு ஆயாவுக்கு குடுத்தன்னா அடுத்த வாரம் எதுத்த வூட்டு ஆயா உன்ன தேடும். அப்புறம் ஆர்வம் வருதா இல்லையான்னு யோசிக்க உனக்கு நேரம் ஏது. லென்ஸெல்லாம் வாங்காத.

பெரம்பூர்_பொண்ணு:
ஐயா சொல்றது சூப்பர், ஆனா லென்ஸ் விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். கிராப் பாடில 50 போட்டா 80 மாதிரி ஆயிடும், ஃப்ரேம்ல கொஞ்சம்தான் அடங்கும், நம்ம ஊரு சந்துல பின்னாடி போய் போய் செவுத்துல முதுகு இடிக்கும். கேனான்ல 24எம்எம் பான்கேக் (தட்டையான குட்டி லென்ஸ்) செகண்ட்ஸ்ல கெடச்சா பாருங்கண்ணா. ஆர்வம் வரும்னு சொல்லல, முதுகு தப்பிக்கும்.

எனக்கு விடியகாலைல தனியா காசிமேடு போறதெல்லாம் வீட்ல விடமாட்டாங்க, அதனால நான் போன்லயே கையால எழுதுன பழைய கடை போர்டா எடுத்து சேக்கறேன். சலூன், சைக்கிள் கடை, தையக்கடை. எல்லாம் ஃபிளெக்ஸா மாறிட்டு வருது, அடுத்த தடவ போறப்ப இருக்குமோ இருக்காதோன்னு ஒரு பதட்டம், அதுவே தள்ளிட்டு போகுது. எங்கயும் போஸ்ட் பண்றதில்ல. சிகாகோல விவியன் மேயர்னு ஒரு அம்மா, புள்ளைங்கள பாத்துக்கற வேலை, ஒரு லட்சத்துக்கும் மேல படம் எடுத்தாங்க, நெறைய ரோல கழுவக்கூட இல்ல. 2007ல அவங்க பெட்டிங்க ஏலத்துக்கு வந்தப்பறம்தான் வெளிய தெரிஞ்சுது, 2009ல இறந்துட்டாங்க.

போட்டுக்காரன்:
அந்தம்மாவுக்கு இன்ஸ்டா இல்ல, நிம்மதியா எடுத்துச்சி 😄

சும்மா_ஒருத்தன்:
எல்லாரும் எடு எடுன்னே சொல்றீங்க. புடிக்கலன்னா ஆறு மாசம் விட்ருங்க தலைவா, இது என்ன வேலையா, சம்பளத்த புடிச்சிக்கவா போறாங்க? நான் ரெண்டு வருஷம் விட்டுட்டு கேரம் ஆட போனேன், அப்புறம் தானா வந்தேன். ஆனா விடறதா இருந்தா பேக்குக்குள்ள வச்சி மூடிடாதீங்க. நம்ம கடல் காத்து ஈரத்துக்கு லென்ஸுக்குள்ள சிலந்தி வல மாதிரி ஃபங்கஸ் புடிச்சிரும். காத்து போகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், முடிஞ்சா ஈரம் காட்டற சின்ன மீட்டர் ஒண்ணு, 45, 50 சதவீதத்துக்குள்ள நின்னா போதும்.

தண்டையார்பேட்டை_50எம்எம்:
இத படிச்சதும் லென்ஸ கழட்டி டார்ச் அடிச்சி பாத்தேன், நல்லவேள ஒண்ணும் இல்ல. ஸ்டுடியோ ஐயா, எங்க பாட்டியையே நான் இதுவரைக்கும் ஒழுங்கா எடுத்ததில்ல, கேட்டா "இந்த புடவைல வேணாம்"னு எழுந்து போயிடுது. போட்டுக்காரரே, சாயந்தரம் எத்தன மணிக்கு வந்தா சரியா இருக்கும்?

போட்டுக்காரன்:
நாலரைக்கு மேல வா. ஞாயித்துக்கெழம வேணாம், கூட்டம் ஓயவே லேட்டாவும். செவ்வா இல்ல புதன்.

பழைய_ஸ்டுடியோ:
எந்த புடவன்னு பாட்டியவே பாத்து எடுத்து கட்டிக்க சொல்லு. டார்க் கலரா இருந்தா நல்லது, முடி நரைச்சிருந்தா பின்னாடி வெள்ள செவுரு வேணாம்.