ரோலர் உருட்டினா லாக்டிக் ஆசிட் வெளிய போயிருமாம்ல!

இடதுகார்னர்: நம்ம "கோடுதாண்டி" நேத்து போட்டது: "கபடி மேட்ச் முடிஞ்சதும் பத்து நிமிஷம் ஃபோம் ரோலர் (தசை மேல வச்சு உருட்டுற பஞ்சு உருளை) உருட்டுங்க, லாக்டிக் ஆசிட் பூரா வெளிய போயிரும், மறுநாள் வலியே இருக்காது." எது வழியாப்பா வெளிய போகும்? சும்மா திண்ணையில உக்காந்திருந்தாலே ஒரு மணி நேரத்துல லாக்டேட் (நீங்க சொல்ற லாக்டிக் ஆசிட் ரத்தத்துல இருக்கிற வடிவம்) பழைய அளவுக்கு இறங்கிரும். இதயமும் தசையும் அதை எரிச்சு சக்தியாக்கிக்கும், மிச்சத்தை கல்லீரல் சர்க்கரையா மாத்திக்கும். வலி உச்சத்துக்கு வர்றது ஒருநாள் கழிச்சு, சிலருக்கு மூணாம் நாள். முந்தின ராத்திரியே காலியானது மறுநாள் எப்படி வலிக்கும்?

கோடுதாண்டி: எங்க பசங்க உருட்டுறாங்க, மறுநாள் எந்திரிச்சு ஓடுறாங்க. அது உங்களுக்கு எரிஞ்சா தைலம் தடவிக்கோங்க அண்ணே.

இடதுகார்னர்: ஓடட்டும், சந்தோஷம். லாக்டிக் ஆசிட் வெளிய போச்சா இல்லையா?

தசைநார்: பிசியோதெரபி படிக்கிறவளா ஒண்ணு சொல்றேன். 2019ல 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. ஆட்டத்துக்குப் பிறகு உருட்டினவங்களுக்கு வலி சராசரியா 6 சதவீதம் கம்மி, வேக இழப்பு 3 சதவீதம் போல கம்மி. பெரிய பலன் இல்லை, ரெக்கவரியை விட வார்ம்-அப்புக்குத்தான் ரோலர் பொருத்தம்னு அவங்களே எழுதியிருக்காங்க.

கோடுதாண்டி: பார்த்தீங்களா! வலி குறையுதுன்னு மேடமே சொல்லிட்டாங்க. கேஸ் முடிஞ்சுது.

இடதுகார்னர்: ஆறு சதவீதம் "வலியே இருக்காது" ஆயிருச்சா? மேடம், அதுல லாக்டிக் ஆசிட் வெளிய போகுதுன்னு இருக்கா?

தசைநார்: நான் லாக்டிக் ஆசிட் பத்திப் பேசவே இல்லையே.

இடதுகார்னர்: நான் அதைப் பத்தி மட்டும்தான் பேசுறேன்.

புழுதிமைதானம்: நாங்கள் ஆடிய காலத்தில் உருளையும் கிடையாது, மேட் விரிப்பும் கிடையாது. மண்தரை. விடிய விடிய நாலு மேட்ச் ஆடிவிட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டு காலையில் வயலுக்குப் போவோம். இப்போதைய பிள்ளைகளுக்குப் பஞ்சு மெத்தை வேண்டியிருக்கிறது.

சூப்பர்டேக்கிள்: ஐயா, அந்த மண்ணுல முட்டி தேய்ஞ்சவங்க கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்க.

புழுதிமைதானம்: என் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. உன் வேலையைப் பார் தம்பி.

சூப்பர்டேக்கிள்: இடதுகார்னர் அண்ணே, தொழில்முறை கால்பந்து வீரர்கள்கிட்டயே சோதிச்சிருக்காங்க. பயிற்சி முடிஞ்சு 20 நிமிஷம் உருட்டினவங்களுக்கு, சும்மா உக்காந்திருந்தவங்களை விட மறுநாள் வலி கம்மி, வளைஞ்சு திரும்புற வேகம் கூடுதல். பாடிப் போற நம்ம ரைடருக்கு வேண்டியதே அதுதானே?

இடதுகார்னர்: அதே சோதனையில நேர் ஓட்டத்துலயும் குதிக்கிறதுலயும் வித்தியாசம் இல்லைங்கிறதை ஏன் தம்பி முழுங்கிட்டே? அதோட, உருட்டினவனுக்கு தான் உருட்டினது தெரியும்ல. வலி எப்படிடான்னு கேட்டா "பரவால்ல கோச்"னுதான் சொல்வான். எல்லாம் கிடக்கட்டும், லாக்டிக் ஆசிட் எங்க போச்சு?

கோடுதாண்டி: நீங்க எந்த டீமுக்கு கோச்? சொல்லுங்க, தெரிஞ்சுக்கிறேன்.

இடதுகார்னர்: கோச்சா இருந்தாத்தான் ரத்தத்துல என்ன ஓடுதுன்னு தெரியுமா? போன வருஷம் செமி ஃபைனல்ல போனஸ் கோட்டைத் தொடாமலே போனஸ் பாயிண்ட் கேட்டு அம்பயரைச் சுத்தி வந்த ஆளுதானே நீங்க? இப்பவும் அதே மாதிரி தொடாத பாயிண்டுக்குக் கை தூக்குறீங்க.

கோடுதாண்டி: வந்துட்டார்யா! தொட்டேன். லைன் அம்பயரே பார்த்தார்.

இடதுகார்னர்: தொட்டிருந்தாலும் கிடையாது. எங்க ஆளுங்க உள்ள அஞ்சு பேர்தான். ஆறு பேராவது இருந்தாத்தான் போனஸ். விதியும் தெரியல, லாக்டேட்டும் தெரியல.

சூப்பர்டேக்கிள்: அண்ணே, நானும் அங்க இருந்தேன். ஆறு பேர்.

இடதுகார்னர்: நீ அன்னைக்கு ஜெர்சியே போடல, ஐஸ் பெட்டி தூக்கிட்டு நின்ன. நீ எதுக்கு எண்ணியிருக்கப் போற?

மஞ்சள்பனியன்: ரோலர் வாங்க காசில்லைங்க. பிவிசி குழாயில துணி சுத்தி உருட்டினா தொடை புண்ணாகுமா?

தசைநார்: எலும்பு மேலயும் மூட்டு மேலயும் ஏத்தாம, மெதுவா...

கோடுதாண்டி: மேடம் ஒரு நிமிஷம். வீடியோ என்கிட்ட இருக்கு. நாளைக்குப் போடுறேன், எல்லாரும் எண்ணிக்கோங்க, அஞ்சா ஆறான்னு.

இடதுகார்னர்: போன பொங்கலுக்கும் இதேதான் சொன்னீங்க.