ஃபிங்கர் என்றாலே விரல்தானா? சுகாதாரக் கையேட்டுத் தமிழாக்கத்தில் ஒரு சிக்கல்

செந்தூல்_மொழிபெயர்ப்பு:

வணக்கம். இங்கே மலேசியாவில் முதியோருக்கான சுகாதாரக் கையேடு ஒன்றைத் தமிழில் கொண்டுவரும் வேலை. மூலம் ஆங்கிலம். மலாய்ப் பதிப்பு ஏற்கெனவே அச்சாகிவிட்டது. ஃபிங்கர் என்ற ஒரே சொல்தான் படுத்துகிறது. வருகிற இடமெல்லாம் "விரல்" என்று போட்டுக்கொண்டே போனால் பல இடங்களில் பொருள் நொண்டுகிறது.

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டைக்கும் கைக்கும் நடுவே "இரண்டு ஃபிங்கர்" இருக்க வேண்டுமாம். ஊன்றுகோலுக்கும் அக்குளுக்கும் இடையே "இரண்டு மூன்று ஃபிங்கர்". நாடித்துடிப்பை "ஃபிங்கர்களால்" பார்க்கச் சொல்கிறது. சோற்றுக்குத் தண்ணீர் "ஃபிங்கரின் முதல் கோடு வரை". காலைப் பசியாறலுக்கு "ஒரு ஃபிங்கர் வாழைப்பழம்". கடைசிப் பக்கத்தில் ஒப்புதல் படிவம், அதில் தம்ப்பிரிண்ட் வைக்க ஒரு கட்டம். கணினி மொழிபெயர்ப்பு ஃபிங்கர் மில்லட்டை "விரல் தினை" என்றும் வெண்டைக்காயைப் "பெண்ணின் விரல்" என்றும் கொடுத்திருந்தது. கேழ்வரகு, வெண்டைக்காய் என்று அவற்றைத் திருத்திவிட்டேன். மற்றவற்றுக்கு என்ன எழுதலாம்? படிக்கப்போகிறவர்கள் அறுபதைத் தாண்டியவர்களும், வீட்டில் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளும்.

ஜார்ஜ்டவுன்_தாதி:

முதலில் நாடியைச் சரிசெய்யுங்கள் தம்பி. மற்றதெல்லாம் அப்புறம். ஆங்கிலத்தில் ஃபிங்கர் என்றால் பல இடங்களில் கட்டைவிரல் சேராது. தம்ப் தனி, ஃபிங்கர் நான்கு. நமக்கோ ஐந்தும் விரல். "விரல்களால் நாடியைப் பாருங்கள்" என்று எழுதினால், அப்பாவின் கையைப் பிடிக்கும் மகன் இயல்பாகவே கட்டைவிரலை வைத்து அழுத்துவார். கட்டைவிரலில் அவருடைய துடிப்பே தட்டும், அப்பாவுடையது என்று நினைத்து அதை எண்ணிக்கொண்டிருப்பார். இப்படி எழுதுங்கள்:

"ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நுனியையும் மணிக்கட்டின் உள்பக்கத்தில், கட்டைவிரலுக்கு நேர் கீழே வைத்து மெதுவாக அழுத்துங்கள். 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு விட்டுவிட்டு வந்தால் 60 வினாடி முழுக்க எண்ணுங்கள். கட்டைவிரலை வைக்காதீர்கள்." கடைசி வாக்கியம் மூலத்தில் இருக்காது. இருந்தாலும் சேருங்கள், தமிழில் அது தேவைப்படுகிறது.

அழுத்தப் பட்டையில் இரண்டு தனித்தனி "இரண்டு ஃபிங்கர்" வரும், கவனம். ஒன்று தளர்வு: பட்டையைச் சுற்றியபின் அதன் அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். மற்றது தூரம்: பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு மேலே 2 முதல் 3 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். இரண்டையும் "இரண்டு விரல் இடைவெளி" என்று ஒரே மாதிரி எழுதினால் படிப்பவர் பட்டையைத் தொளதொளவென்று விட்டுவிடுவார். தளர்ந்த பட்டை அழுத்தத்தை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். முதலாவதற்கு "இரண்டு விரல் நுழையும் அளவு" என்றும் இரண்டாவதற்குச் செ.மீ.யும் போடுங்கள்.

இன்னொன்று. நீரிழிவுப் பகுதியில் "ஃபிங்கர்ஸ் அண்ட் டோஸ்" வரும். இரண்டும் தமிழில் விரல்தான், அதனால் ஒவ்வொரு முறையும் கைவிரல், கால்விரல் என்று பிரித்தே எழுதுங்கள். "விரலிடுக்கில் களிம்பு பூச வேண்டாம்" என்று மொட்டையாக விட்டால் எந்த இடுக்கு என்று தெரியாது. கால்விரல் இடுக்கு ஈரமாகவே இருந்தால் தோல் ஊறிப் பூஞ்சை பிடிக்கும், அதனால்தான் அங்கே களிம்பு கூடாது என்பது. காரணத்தையும் ஒரு வரி சேர்த்தால் கேட்டு நடப்பார்கள்.

அம்பாங்_சிற்பக்கூடம்:

அளவுக்கு நம்மிடம் தனிச்சொல்லே உண்டு: விரற்கடை. பேச்சில் "விரக்கட". விரலைப் படுக்கப் போட்டால் கிடைக்கும் அகலம் அது. "விரல் அளவு" என்பது மழுப்பலான சொல். "விரல் அளவு இஞ்சி" என்றால் நீளம், "ரெண்டு விரல் அளவு தள்ளி வை" என்றால் அகலம். "இரண்டு விரல் நீளம்" என்று யாராவது ஊன்றுகோலுக்கு எழுதிவிட்டால் கோல் அரைச் சாண் குறைந்துபோய், ஆள் குனிந்தே நடப்பார். "அக்குளுக்குக் கீழே இரண்டு மூன்று விரற்கடை விட்டு" என்று எழுதினால் குழப்பமே இல்லை.

கணக்கு: 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். சாணுக்கு 9 அங்குலம் என்று கொண்டால் ஒரு விரற்கடை ஏறக்குறைய 1.9 செ.மீ. வரும். அங்குலம் என்ற சொல்லும் அங்குலி, அதாவது விரல் என்பதிலிருந்து வந்ததுதான். ஆனால் இன்றைக்கு அது 2.54 செ.மீ. என்று நிலைத்துவிட்டது. பழைய நூலில் வரும் அங்குலத்தை இன்றைய அங்குலமாக எடுத்துக்கொண்டால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். எந்த விரல் என்பதும் முக்கியம். சிலப்பதிகாரத்தில் மாதவியின் ஆடலரங்கை அளக்கும் கோல் 24 விரல். அரங்கம் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். அந்த விரலைப் பெருவிரலாகக் கொள்வதா, மற்ற விரலாகக் கொள்வதா என்பதிலேயே மேடையின் அகலம் மூன்று அடிக்கு மேல் மாறும்.

சிலை வேலையில் விரல் யாருடைய கையிலும் இல்லை, சிலையிலேயே இருக்கிறது. உத்தம தசதாளம் என்ற சிலை அளவுமுறையில் உருவத்தின் மொத்த உயரத்தை 124 பங்காக்கி, ஒரு பங்கை ஓர் அங்குலம் என்கிறோம். 62 செ.மீ. உயர விக்கிரகத்துக்கு அங்குலம் அரை செ.மீ. முகம், கழுத்து, மார்பு எல்லாம் அந்த அரை செ.மீ.யின் மடங்குகளில் வரும். பெரிய சிலைக்கு எடுத்த அங்குலத்தைச் சின்னச் சிலையில் போட்டால் முகமே உடம்பை விழுங்கிவிடும். கையேட்டுக்கு இது வேண்டாம்தான், ஆனால் விரல் என்பது ஒரு நிலையான அளவு இல்லை என்பதை மனத்தில் வையுங்கள்.

ஜார்ஜ்டவுன்_தாதி:

அண்ணே, விரற்கடை அருமையான சொல். ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த முப்பது வயதுக்காரருக்கு அது புரியாது, ஊன்றுகோலை உயரம் பார்த்துக் கொடுப்பவரோ அவர்தான். "இரண்டு மூன்று விரற்கடை, அதாவது விரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரும் அகலம், சுமார் 4 முதல் 5 செ.மீ." என்று முதல் தடவை விளக்கிவிட்டு அப்புறம் சொல்லை மட்டும் போடலாம். கோலின் மேல்பகுதி அக்குளில் முட்டினால் அங்குள்ள நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். எடை உள்ளங்கையில் இறங்க வேண்டும், அந்த இடைவெளி அதற்குத்தான்.

பாயான்பாரு_ஆசிரியை:

என் யோசனை இது: ஆங்கிலத்தை மட்டும் பார்த்து மொழிபெயர்க்காமல் மலாய்ப் பதிப்பைப் பக்கத்திலேயே விரித்து வைத்துக்கொள்ளுங்கள். விரல் விஷயத்தில் மலாய் நம் பக்கம் நிற்கிறது. ஜாரி தாங்ஙான் கைவிரல், ஜாரி காக்கி கால்விரல், நம்மைப் போலவே. கட்டைவிரலும் அங்கே ஜாரிக் கணக்கில்தான் சேர்த்தி. சுட்டுவிரல் தெலுன்ஜுக். துன்ஜுக் என்றால் காட்டு, தமிழிலோ சுட்டு. அ, இ என்னும் சுட்டெழுத்துகளும், கணினியில் நாம் பிடிக்கும் சுட்டியும் அதே வேரில் வந்தவை.

ஆனால் மலாயிலும் வழுக்குகிற இடங்கள் உண்டு. இபு ஜாரியைத் தாய்விரல் என்றும், ஜாரி மானிஸை இனிப்பு விரல் என்றும், ஜாரி ஹந்துவைப் பேய்விரல் என்றும் எழுதக் கூடாது. முறையே கட்டைவிரல், மோதிர விரல், நடுவிரல். நடுவிரலுக்குத் தமிழில் பாம்பு விரல் என்றும் ஒரு பெயர் உண்டு. மோதிர விரலை வடமொழியில் அநாமிகை என்பார்கள், பெயரில்லாதது என்று பொருள். மாண்டரினிலும் அது பெயரில்லா விரல்தான், பினாங்கில் சீனப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். கணிதத்தில் வரும் ஜெஜாரி விரலே இல்லை, ஆரம். மலாய்க்காரர் சக்கரக் கம்பியை ஜாரி-ஜாரி என்கிறார், நாம் ஆரக்கால் என்கிறோம். வட்டத்தின் ஆரத்துக்கு இரண்டு மொழியும் சக்கரத்திடம்தான் போயிருக்கின்றன.

படிவத்துக் கட்டத்தில் "கைநாட்டு" என்று எழுதிவிடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ற குத்தல் அந்தச் சொல்லில் ஏறிவிட்டது. "வலது பெருவிரல் ரேகை" என்று போதும். அடையாள அட்டையான மைகார்டில் பதிவாகியிருப்பதும் பெருவிரல் ரேகைதான் என்பதால் எல்லாருக்கும் உடனே புரியும்.

எழுத்துப்பிழையில் ஒன்றைத் தவறாமல் பாருங்கள்: விரல் வேறு, விறல் வேறு. வல்லின றகரம் போட்டால் வலிமை, வெற்றி. விறலி என்றால் சங்க காலத்து ஆடல் மகள். இடையின ரகரத்தோடு விரலி என்றால் விரல்போல நீண்ட மஞ்சள், விரலளவு வளர்ந்த மீன்குஞ்சு, இப்போது தம்ப் டிரைவுக்கும் அதே பெயர். "விறலி மஞ்சள்" என்று அச்சடித்த பொட்டலங்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

மரபுத்தொடரும் சேர்க்கிறீர்களா? விரல் விட்டு எண்ணலாம், மூக்கின்மேல் விரல் வைத்தார்கள், விரலுக்குத் தகுந்த வீக்கம், ஐந்து விரலும் ஒன்றுபோல் இருக்குமா. இவை முதியோர் நாவில் இயல்பாக வருபவை. எனக்குப் பிடித்தது குறளில் இருக்கிறது: "நாளொற்றித் தேய்ந்த விரல்". அவர் பிரிந்துபோன நாள்களைச் சுவரில் கோடிட்டு, அந்தக் கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணியே விரல் தேய்ந்ததாம். 1261ஆம் குறள். மூன்று சொல்லில் ஒரு முழுக் காத்திருப்பு.

பிரிக்பீல்ட்ஸ்_சமையல்:

வாழைப்பழத்துக்கு விரல் வேண்டாம். ஆங்கிலத்தில் சீப்பு ஹேண்ட், பழம் ஃபிங்கர். நாம் தார், சீப்பு, பழம் என்கிறோம். மலாயிலும் சிக்காட் என்றால் தலைசீவும் சீப்புதான். "ஒரு பழம்" என்று எழுதிவிட்டு, எந்தப் பழம் என்று கட்டாயம் சொல்லுங்கள். சின்னப் பிசாங் மாஸ் ஒன்றும் பெரிய பிசாங் தண்டுக் ஒன்றும் ஒரே அளவா? சர்க்கரை நோயாளிக்கு அது பெரிய வித்தியாசம்.

சோற்றுத் தண்ணீர்: "ஆள்காட்டி விரல் நுனி அரிசியைத் தொட, தண்ணீர் முதல் கணுக் கோட்டைத் தொட வேண்டும்." அரிசியைச் சமமாகத் தட்டிவிட்டு, விரலை அரிசிக்குள் அழுத்தாமல் அதன் மேலே நிறுத்த வேண்டும். அழுத்தினால் விரல் உள்ளே போகிற அளவுக்குத் தண்ணீர் குறைந்து சோறு நறுக்கென்று நிற்கும். இந்த அளவு இரண்டு மூன்று குவளை அரிசி வேகும் சாதாரண ரைஸ் குக்கருக்குத்தான் சரி. அகலப் பானையில் ஒரு குவளை அரிசி போட்டு ஒரு கணுத் தண்ணீர் விட்டால் குழைந்துவிடும், ஏனென்றால் பரப்புக்கு ஏற்பத் தண்ணீரும் பெருகிவிடுகிறது. குறுகிய பானையில் நிறைய அரிசி போட்டால் அதே ஒரு கணு போதாமல் நடுவில் அரிசி வெட்டும். பாஸ்மதிக்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே, பழைய புழுங்கலுக்குக் கணுவுக்குச் சற்று மேலே. ஒருவர் இருவருக்கு மட்டும் சமைக்கும் முதியவர்களுக்குக் குவளைக் கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள்.

செந்தூல்_மொழிபெயர்ப்பு:

எல்லாருக்கும் நன்றி. நாடிப் பகுதியைத் தாதி அக்கா சொன்னபடியே மாற்றிவிட்டேன், விரற்கடைக்கு விளக்கமும் போட்டாயிற்று. கடைசியாக ஒன்று: ரத்தத்தில் உயிர்வளி (ஆக்சிஜன்) அளவு பார்க்க விரலில் மாட்டுகிற கருவியை எப்படி எழுதுவது? "விரல் கிளிப்" என்று விட்டுவிடவா?

ஜார்ஜ்டவுன்_தாதி:

"விரலில் மாட்டும் கவ்வி" என்றால் போதும், படமும் இருக்குமே. கூடவே இதைச் சேருங்கள்: நகப்பூச்சை அழித்துவிட்டு மாட்டவும். ஒளி நகத்தின் பக்கமிருந்து ஊடுருவி மறுபக்கம் வர வேண்டும், அடர்ந்த பூச்சு அதை மறைக்கும். விரல் சில்லிட்டிருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து எண் ஆடும், உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிவிட்டு மாட்டவும். எண் ஓரிடத்தில் நிற்கும்வரை கையை அசைக்காமல் இருக்கவும். எந்த விரலில் மாட்டுவது என்று கேட்பார்கள்: ஆள்காட்டி விரல் அல்லது நடுவிரல் என்றே பெயரைச் சொல்லி எழுதுங்கள்.